முள்ளெலி மரபணுவைக் கண்ணால் பார்ப்பது எப்படி

கோடை விடுமுறையில் பழ ஈ வேலை கற்றுக்கொள்ள என்னிடம் வரும் மாணவர்களிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன். "ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?" எல்லோரும் முறுக்கிய ஏணியை வரைந்து காட்டுவார்கள். அது டி.என்.ஏ.வின் படம். அதை வைத்துக்கொண்டு ஒரு முட்டை எப்படிப் புழுவாகிறது, புழுவுக்கு எது தலை, எது வால் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதைச் சொல்லவே முடியாது. மரபணுவின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் அந்த மரபணு கெட்டுப்போன ஓர் உயிரைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், கெடாத உயிரைச் சலிக்கச் சலிக்கப் பார்த்திருக்க வேண்டும்.

நான் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் 11 வருடம் ஈ வளர்த்தவள். ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் பொருள்களை வைத்து நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு வேலையை இங்கே எழுதுகிறேன். ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி என்று பெயர் வைத்த மரபணு இல்லாவிட்டால் ஈயின் கருவுக்கு என்ன ஆகிறது என்று நுண்ணோக்கியில் பார்க்கப் போகிறோம். மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டால் ஆறு வாரம் ஆகும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மாம்பழத்தைத் துளைத்து முட்டை வைக்கிற, விவசாயிகள் 'பழ ஈ' என்று திட்டுகிற பூச்சி வேறு. நம்முடையது கனிந்த வாழைப்பழத்தின் மேல் மிதந்து வருமே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், சிவப்புக் கண்ணோடு, அது. ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர். வீட்டில் பிடித்த ஈயை வைத்து ஆரம்பிக்க வேண்டாம். நம் ஊர் வாழைப்பழத்தில் இதைப் போலவே இருக்கும் வேறு ட்ரோசோஃபிலா இனங்களும் வரும். புதிதாகப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மைசூர் பல்கலைக்கழகத்தில் ட்ரோசோஃபிலா இருப்பு மையம் இருக்கிறது. உங்கள் துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி எழுதிக் கேளுங்கள். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டனில் இருப்பதுதான் உலகத்தின் பெரிய இருப்பு. பல்லாயிரம் வகை ஈக்களை உயிரோடு வைத்துக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறார்கள். நமக்கு வேண்டியவை மூன்றே வகை: சாதாரண ஈ, வெள்ளைக் கண் ஈ, ஹெட்ஜ்ஹாக் கெட்ட குரோமோசோமைச் சுமக்கும் ஈ.

சாப்பாடும் சூடும்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் சோள மாவு (மக்காச்சோளம்), 40 கிராம் சர்க்கரை, 20 கிராம் குளுக்கோஸ், 15 கிராம் ஈஸ்ட், 8 கிராம் அகர் அகர். பலகாரத்துக்கு வாங்கும் சைனா கிராஸ்தான் அகர் அகர். மாவைக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கொதிக்க வைத்து அதில் ஊற்றிக் கிளறுங்கள். அடி பிடிக்கும், கையை எடுக்கக் கூடாது. கூழ் பதம் வந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது 4 மில்லி புரோபியானிக் அமிலம் விட்டுக் கலக்குங்கள். பூஞ்சை வராமல் காப்பது அதுதான். கொதிக்கும்போது விட்டால் ஆவியாகிப் போய்விடும், மூக்கையும் அரிக்கும். கண்ணாடிக் குப்பிகளில் இரண்டு விரல் உயரம் ஊற்றி, மெல்லிய துணி மூடி ஓர் இரவு ஆற விட்டு, பஞ்சால் அடையுங்கள். ஆறாத குப்பியில் ஈயைப் போட்டால் சுவரில் வியர்க்கும் நீரில் ஒட்டிக்கொண்டு செத்துவிடும்.

சூடுதான் நம் ஊரில் பெரிய பிரச்சினை. 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈ வர 10 நாள். 18 டிகிரியில் ஏறக்குறைய இரட்டிப்பு நாள். 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். ஈ உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் முட்டை பொரிக்காது. எனக்கு ஒரு மே மாதம் இது நடந்தது. வெள்ளிக்கிழமை இரவு குளிர்சாதனப் பெட்டியில் மின்சாரம் நின்றது. திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது ஈக்கள் உயிரோடுதான் இருந்தன, அதனால் எதையும் மாற்றாமல் வேலையைத் தொடர்ந்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் போட்ட எந்தக் கலப்பிலும் ஒரு புழுகூட வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வகையிலும் இரண்டு குப்பி வைப்பேன், இரண்டையும் வேறு வேறு அறையில். மின்சாரம் போனால் ஒரு தட்டில் ஈர மணலைப் பரப்பிக் குப்பிகளை அதில் புதைத்து, மேலே நனைத்த துணி போட்டு, காற்றோட்டமான இடத்தில் வைப்பேன். சில மணி நேரத்துக்குத் தாங்கும்.

ஆண், பெண், கன்னி

ஈக்களை மயக்கக் கரியமில வாயு இல்லையென்றால் ஐஸ் போதும். குப்பியைப் பனிக்கட்டிக்குள் சில நிமிடம் செருகினால் ஈக்கள் அடியில் விழுந்து கிடக்கும். ஐஸ் நிரப்பிய பெட்ரி தட்டின் மூடிமேல் ஒரு வடிதாளை விரித்து, அதில் கொட்டிப் பாருங்கள். ஆண் சிறியது, வயிற்று நுனி கறுத்து உருண்டிருக்கும். முன்னங்காலில் சின்னக் கறுப்புச் சீப்பு ஒன்று இருக்கும். பெண் பெரியது, வயிறு நுனியில் கூர்ந்து, கோடு கோடாக இருக்கும். தூங்கும் ஈயைப் புதுக் குப்பியில் போடும்போது குப்பியைப் படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் ஈரமான சாப்பாட்டில் இறக்கை ஒட்டி, எழுந்திருக்கவே செய்யாது.

கலப்பு போடக் கன்னிப் பெண் ஈ வேண்டும். பெண் ஈ ஒரு தடவை கூடினால் அந்த விந்தைப் பல நாள் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் நீங்கள் போடும் ஆணுக்குப் பிறந்ததா, பழைய ஆணுக்குப் பிறந்ததா என்று தெரியாமல் போய்விடும். 25 டிகிரியில் கூட்டிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குப் பெண் ஈ கூடாது. காலையில் குப்பியில் உள்ள எல்லா ஈயையும் தட்டிக் காலி செய்துவிட்டு, மதியம் புதிதாக வந்திருக்கும் பெண்களை எடுத்தால் எல்லாம் கன்னிதான். அப்போதுதான் வந்தவை வெளிறி, வீங்கினாற்போல் இருக்கும். வயிற்றுத் தோலுக்குள்ளே பச்சை கலந்த கறுப்பில் ஒரு புள்ளி தெரியும். கூட்டுக்குள் போவதற்கு முன் தின்றதன் மிச்சம் அது. அந்தப் புள்ளியைக் கண்டால் யோசிக்காமல் எடுங்கள்.

உங்கள் கை சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஓர் எளிய கலப்பு இருக்கிறது. வெள்ளைக் கண் பெண் ஈக்களைச் சிவப்புக் கண் ஆண்களோடு விடுங்கள். மகள்கள் எல்லாம் சிவப்புக் கண்ணும், மகன்கள் எல்லாம் வெள்ளைக் கண்ணுமாக வர வேண்டும். ஏனென்றால் அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். வெள்ளைக் கண் மகள்கள் வந்தால், நீங்கள் கன்னி என்று எடுத்த பெண் அதே குப்பியிலிருந்த வெள்ளைக் கண் சகோதரனோடு ஏற்கெனவே கூடியிருக்கிறாள் என்று பொருள். மாணவர்கள் இந்தக் கலப்பில் தேறாமல் அடுத்ததற்கு நான் விடுவதில்லை.

(மிக மிக அரிதாக, எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு வெள்ளைக் கண் மகள் வருவாள். கால்வின் பிரிட்ஜஸ் என்ற மரபியல் ஆய்வாளர் அப்படி வந்த ஈக்களைத் தூக்கி எறியாமல் அவற்றின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார். எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டும் பிரியாமல் ஒரே முட்டைக்குள் போயிருந்தன. மரபணு குரோமோசோமில்தான் இருக்கிறது என்பதற்கு 1916-ல் கிடைத்த அழுத்தமான சான்று அதுதான்.)

இந்த வெள்ளைக் கண்ணுக்கும் ஒரு பிறந்த நாள் உண்டு. 1910-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் ஈ வளர்த்த பால் பாட்டில்களுக்கு நடுவே ஒரே ஓர் ஆண் ஈ வெள்ளைக் கண்ணோடு இருந்தது. அதன் பேரப்பிள்ளைகளை அவர் எண்ணி எழுதிய கணக்கு இது: சிவப்புக் கண் பெண் 2,459, சிவப்புக் கண் ஆண் 1,011, வெள்ளைக் கண் ஆண் 782. வெள்ளைக் கண் பெண் ஒன்றுகூட இல்லை. 1,011-ம் 782-ம் சமமாக வந்திருக்க வேண்டும், வரவில்லை. வெள்ளைக் கண் ஈ கொஞ்சம் நோஞ்சான், வழியில் செத்துப்போகும். மார்கன் அந்த எண்ணைச் சரிக்கட்டாமல் உள்ளபடியே எழுதினார். நீங்களும் அப்படியே எழுதுங்கள். எண்ணிக்கை பாடப்புத்தக விகிதத்துக்கு வரவில்லை என்பதற்காக நாலு ஈயைக் கூட்டிக் குறைத்து எழுதின நோட்டுகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வலிக்கும்.

முட்டை, முதல் நாள்

பன்னீர் திராட்சைச் சாற்றில் நூற்றுக்கு மூன்று பங்கு அகர் போட்டுக் காய்ச்சி, சின்னத் தட்டுகளில் ஊற்றி ஆற வையுங்கள். பன்னீர் திராட்சை எதற்கு என்றால், அந்தக் கறுத்த ஊதா நிறத்தில் வெள்ளை முட்டை பளிச்சென்று தெரியும். நடுவில் பற்பசைப் பதத்தில் குழைத்த பேக்கரி ஈஸ்ட் ஒரு பொட்டு. காற்றுக்கு ஊசித் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் நூறு சாதாரண ஈயை விட்டு, தட்டால் வாயை மூடிக் கவிழ்த்து, இருட்டில் வையுங்கள். முதல் ஒரு மணி நேரத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பெண் ஈக்கள் இடம் சரியில்லாதபோது முட்டையை வயிற்றுக்குள்ளேயே அடக்கி வைத்திருக்கும், அதற்குள் கரு வளர்ந்துவிடும். இரண்டாவது தட்டிலிருந்துதான் கடிகாரக் கணக்கு சரியாக வரும்.

முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். அதன் முன்பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கொம்புகள் இருக்கும். நனைத்த தூரிகையால் முட்டைகளை ஒரு மெல்லிய நைலான் வலையில் சேர்த்து, துணி வெளுக்கும் பிளீச்சும் தண்ணீரும் சம அளவு கலந்ததில் இரண்டு மூன்று நிமிடம் அமிழ்த்துங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கொம்புகள் கரைந்து மறைந்ததும் வெளி ஓடு போய்விட்டது என்று தெரிந்துகொண்டு, நல்ல தண்ணீரில் பிளீச் வாடை போகும்வரை கழுவுங்கள். ஸ்லைடில் ஒரு சொட்டு ஹாலோகார்பன் எண்ணெய் வைத்து அதில் முட்டையை விடுங்கள். அந்த எண்ணெய் காற்றை உள்ளே விடும், கரு மூச்சுத் திணறாது.

இனி உட்கார்ந்து பாருங்கள். ஒரு முழு நாளையும் இதற்கென்று ஒதுக்குங்கள். மூன்று வாரத்தில் மிக முக்கியமான நாள் இதுதான்.

முதல் ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். உள்ளே உட்கருக்கள் சில நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகிக்கொண்டே இருக்கின்றன, நடுவில் செல் சுவர் எதுவும் எழும்பாமல். அப்புறம் பின்முனையில் சின்னச் சின்னக் குமிழ்களாகச் சில செல்கள் பிதுங்கி வரும். அந்த ஈயின் முட்டையோ விந்தோ அவற்றிலிருந்துதான் பின்னாளில் உண்டாகும். அதாவது தனக்கு உடம்பு வருவதற்கு முன்பே அடுத்த தலைமுறைக்கானதை ஒதுக்கி வைத்துவிடுகிறது. 13 தடவை பிரிந்து ஏறத்தாழ 6,000 உட்கருக்கள் ஓரத்துக்கு வந்து வரிசையாக நின்றபின், மேலிருந்து சவ்வு இறங்கி ஒவ்வொன்றையும் தனித்தனி அறையாக்கும். ஓரத்தில் தெளிவான ஒரு வளையம் தடித்துக்கொண்டே வருவதைப் பார்க்கலாம்.

மூன்று மணி நேரம் ஆகும்போது கரு திடீரென்று அசையத் தொடங்கும். வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் மடிந்து உள்ளே போகும், தலைக்குப் பின்னால் சாய்வாக ஒரு மடிப்பு விழும், உடலின் பின்பகுதி முதுகு வழியாக ஏறித் தலைக்கு அருகில் வந்து நிற்கும். நான் முதல் தடவை பார்த்தபோது முட்டை உருண்டுவிட்டது என்று நினைத்து ஸ்லைடைத் திருப்பப் போனேன். பக்கத்திலிருந்த சீனியர் அக்கா என் கையைப் பிடித்து, "முட்டை அங்கேயேதான் இருக்கு, கரு நகருது. சும்மா பாரு" என்றார். 10 மணி நேரத்தில் உடல் கண்டம் கண்டமாகப் பிரிந்திருக்கும். 20 மணி நேரத்தையொட்டி மூச்சுக்குழாய்களில் காற்று நிரம்பும். அதுவரை தெரியாத இரண்டு கோடுகள் வெள்ளி இழை போல முதுகில் சட்டென்று தோன்றும். ஒரு நாள் முடிவதற்குள் புழு வாயால் சுரண்டி வெளியே வந்துவிடும்.

சாதாரணப் புழுவைப் படிப்பது

இப்போது அந்தப் புழுவின் வயிற்றைப் படிக்க வேண்டும். பொரித்த சில புழுக்களை எடுத்துச் சுத்தமாகக் கழுவி, ஸ்லைடில் ஒரு சொட்டு லாக்டிக் அமிலத்தில் வைத்து, கண்ணாடி வில்லை மூடி, 60 டிகிரி அடுப்பில் ஓர் இரவு வையுங்கள். உள்ளே இருக்கும் சதையெல்லாம் கரைந்து தோல் மட்டும் கண்ணாடி போல மிஞ்சும். இருண்ட புலத்தில் பார்த்தால் நன்றாகத் தெரியும். அதற்கான கருவி இல்லாவிட்டால் கறுப்பு அட்டையை ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வட்டமாக வெட்டி நுண்ணோக்கியின் கண்டென்சருக்குக் கீழே நடுவில் வையுங்கள். அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் பின்புலம் கறுத்து, பற்கள் மட்டும் வெளிச்சமாக ஒளிரும்.

பற்கள் என்று ஆய்வகத்தில் சொல்வது வயிற்றுத் தோலில் இருக்கும் நுண்ணிய கொக்கிகளை. புழு ஊர்வதற்குப் பிடிமானம் தருபவை. மார்புக் கண்டம் மூன்றிலும் மெல்லிய மங்கலான பட்டை. வயிற்றுக் கண்டம் எட்டிலும் தடித்த பட்டை. ஒரு கண்டத்தின் முன்பாதியில் பட்டை, பின்பாதி வழவழவென்று வெறும் தோல், மறுபடி பட்டை, மறுபடி வெறும் தோல். வயிற்றுப் பட்டைக்குள் ஆறு வரிசை பற்கள் இருக்கும். முதல் வரிசையும் நாலாவது வரிசையும் தலையைப் பார்த்து நிற்கும், மற்றவை வாலைப் பார்த்து நிற்கும். ஆக ஒரு புழுவின் சின்னத் துண்டைக் காட்டினால்கூட எந்தப் பக்கம் தலை என்று சொல்லிவிடலாம்.

என்னை இரண்டு வாரம் இதை மட்டும் வரையச் சொன்னார்கள். தினமும் ஐந்து புழு. வெறுத்துப்போனேன். இரண்டாவது வாரக் கடைசியில் அந்த அக்கா எதுவும் சொல்லாமல் ஒரு ஸ்லைடை வைத்தார். பார்த்த மாத்திரத்தில் "நாலாவது பட்டை இல்லை" என்றேன். எண்ணவே இல்லை, ஒரு முகத்தில் புருவம் இல்லாதது தெரிவது போலத் தெரிந்தது. அந்தக் கண் உங்களுக்கும் வர வேண்டும். குறைந்தது ஐம்பது சாதாரணப் புழுவை வரையாமல் அடுத்த தட்டைத் தொடாதீர்கள்.

முள்ளெலி

ஹெட்ஜ்ஹாக் இரண்டு பிரதியும் கெட்ட ஈ முட்டையைவிட்டு வெளியே வராது. செத்துப்போவதை எப்படி வளர்த்து வைத்திருக்கிறார்கள்? ஒரு பிரதி கெட்டு, ஒரு பிரதி நன்றாக இருக்கும் ஈயை வளர்க்கிறோம். அது ஆரோக்கியமாகவே இருக்கும். நன்றாக இருக்கும் பிரதி டி.எம்.3 என்ற பேலன்சர் குரோமோசோமில் இருக்கிறது. பேலன்சர் என்பது பல இடத்தில் வெட்டித் திருப்பி ஒட்டிய குரோமோசோம். அது தன் ஜோடியோடு துண்டுகளைப் பரிமாறிக்கொண்டு நல்ல குஞ்சுகளைத் தராது, அதனால் கெட்ட பிரதி தலைமுறை தலைமுறையாக அப்படியே தங்கும். அடையாளத்துக்கு அதில் ஸ்டபிள் என்ற ஓங்கு பண்பும் இருக்கிறது, முதுகு முடிகள் குட்டையாக, மழித்து இரண்டு நாள் ஆன தாடி போல நிற்கும். குட்டை முடி தெரிகிறதா என்று பார்த்துவிட்டே கலப்புக்கு எடுங்கள்.

இந்த ஈக்களில் ஆணையும் பெண்ணையும் டப்பாவில் விட்டு முட்டை எடுங்கள். 200 முட்டையைத் தூரிகையால் புதுத் தட்டில் பத்துப் பத்தாக வரிசை வையுங்கள். பக்கத்துத் தட்டில் சாதாரண ஈயின் முட்டை 200. 30 மணி நேரம் கழித்து இரண்டிலும் பொரிக்காதவற்றை எண்ணுங்கள். பால் வெள்ளையாகவே இருப்பவை கருவுறாத முட்டைகள். பழுப்பானவை கரு வளர்ந்து, வளர்ந்தபின் செத்தவை. ஹெட்ஜ்ஹாக் இரண்டும் கெட்டவை மெண்டல் கணக்குப்படி கால் பங்கு, ஏறக்குறைய 50. ஆனால் பழுப்பு முட்டை அதைவிடக் கூடுதலாக வரும். டி.எம்.3 இரண்டு பிரதி பெற்ற கருவும் பிழைக்காது, அதில் சில பொரிப்பதற்கு முன்பே போய்விடும். எண்ணிக்கையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, தோலைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

பழுப்பு முட்டைகளைப் பிளீச்சில் போட்டு ஓடு நீக்கிக் கழுவுங்கள். உள்சவ்வை நீக்க, மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஹெப்டேனும் மெத்தனாலும் சம அளவு ஊற்றி, முட்டைகளை விட்டு ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். இரண்டும் தீப்பற்றும், மெத்தனால் விஷம். ஆய்வகத்தின் புகைக்கூண்டுக்குள் (ஃபியூம் ஹூட்), ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். சவ்வு கிழிந்தவை அடியில் இறங்கும், கிழியாதவை நடுவில் மிதக்கும். அடியில் இருப்பதை எடுத்து மெத்தனாலில் இரண்டு தடவை அலசி, முன்பு போலவே லாக்டிக் அமிலத்தில் வைத்து ஓர் இரவு சூட்டில் விடுங்கள்.

மறுநாள் பார்க்கும்போது நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்காது. புழு சாதாரண அளவில் பாதி போலச் சுருங்கிக் குட்டையாக இருக்கும். பட்டை, வெறும் தோல், பட்டை என்ற ஒழுங்கு போய்விட்டிருக்கும். வெறும் தோலே இல்லை. வயிறு முழுக்க ஒரே புல்தரையாகப் பற்கள். 1970-களின் கடைசியில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் இதைப் பார்த்துத்தான் முள்ளெலி என்று பெயர் வைத்தார்கள். ஆண் ஈக்களுக்கு டி.என்.ஏ.வைக் கெடுக்கும் ரசாயனத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களை வளர்த்து, ஒவ்வொன்றின் செத்த கருவையும் இருவர் சேர்ந்து பார்க்கும்படி அமைந்த ஒரே நுண்ணோக்கியில் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். உடலைக் கண்டங்களாகப் பிரிக்கும் 15 மரபணுக்களை 1980-ல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். ஈக்களில் உடல் உறுப்புகள் இடம் மாறி முளைப்பதைப் பல ஆண்டுகள் படித்த எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து இருவருக்கும் 1995-ல் நோபல் கிடைத்தது. அந்த நோபலுக்குப் பின்னால் இருப்பது நீங்கள் இப்போது வைத்திருக்கும் அதே மாதிரி ஸ்லைடுதான்.

நம் ஊர் முள்ளெலியை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. தென் மாவட்டத்துச் செம்மண் காடுகளில் திரியும் அந்தப் பிராணியின் அறிவியல் பெயருக்கு 'முடியில்லா வயிறு' என்று பொருள். ஈயின் முள்ளெலி அதற்கு நேர் எதிர், அதற்கு வெறும் வயிறே கிடையாது.

ஏன் இப்படி ஆகிறது? ஒவ்வொரு கண்டத்தின் பின்ஓரத்திலும் ஒரு வரிசை செல்கள் ஹெட்ஜ்ஹாக் புரதத்தைச் சுரந்து முன்னால் நிற்கும் வரிசைக்கு அனுப்புகின்றன. அதைப் பெற்ற வரிசை விங்லெஸ் என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்கிறது. 'இங்கே பல் வேண்டாம், வழவழவென்று விடு' என்று தோலுக்குச் சொல்வது விங்லெஸ். ஹெட்ஜ்ஹாக் இல்லையென்றால் விங்லெஸ் நின்றுபோகும், தடுக்க ஆளில்லாமல் எல்லா இடத்திலும் பல் முளைக்கும். இதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ மரபணுவின் பெயர் பெரும்பாலும் அது இல்லாதபோது நடப்பதைச் சொல்கிறது, அதன் வேலையைச் சொல்வதில்லை. வொயிட் என்ற மரபணுவின் வேலை கண்ணைச் சிவப்பாக்குவது. விங்லெஸ் என்ற மரபணு இறக்கை உண்டாவதற்கு வேண்டும். பெயரைத் தலைகீழாகப் படிக்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

ஈயோடு இது நின்றிருந்தால்கூட எனக்குப் போதும். நிற்கவில்லை. 1993-ல் கோழியிலும் எலியிலும் மீனிலும் இதே மரபணுவின் உறவுகள் கிடைத்தன. பாலூட்டிகளிடம் மூன்று இருக்கின்றன. இரண்டுக்கு உண்மையான முள்ளெலி இனங்களின் பெயர், டெசர்ட், இந்தியன். மூன்றாவதற்கு வீடியோ கேமில் ஓடும் நீல முள்ளெலியின் பெயர், சானிக். கோழிக் கருவின் இறக்கை மொட்டில் சுண்டுவிரல் பக்கத்தில் சானிக் சுரக்கிறது. அதையே எதிர்ப்பக்கத்திலும் சுரக்க வைத்தால் கண்ணாடியில் தெரிவது போல விரல்கள் இரட்டிக்கின்றன. நம் ஊரில் ஆறு விரலோடு பிறந்த பிள்ளையை அதிர்ஷ்டம் என்பார்கள். கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் முளைக்கும் சில குடும்பங்களில், சானிக் மரபணுவைக் கையில் எந்த இடத்தில் முடுக்க வேண்டும் என்று சொல்லும் டி.என்.ஏ. துண்டில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்தத் துண்டு மரபணுவிலிருந்து பத்து லட்சம் எழுத்துத் தள்ளி இருக்கிறது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1950-களில் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினை ஆடுகள் ஒரு மலைச் செடியைத் தின்றதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, அதிலிருந்த பொருளுக்கு சைக்ளோபமின் என்று பெயரிட்டார்கள். அது உடம்பில் எதைத் தடுக்கிறது என்று புரியப் பல வருடம் ஆனது. ஹெட்ஜ்ஹாக் செய்தியை செல்லுக்குள் கடத்தும் ஸ்மூதன்ட் என்ற புரதத்தைத்தான் தடுக்கிறது. ஸ்மூதன்டும் முதலில் ஈயில் தெரிய வந்த மரபணுவே. வேலை முடிந்தபின் இந்தச் செய்தி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு வகைத் தோல் புற்றுநோய் வருகிறது. ஸ்மூதன்டைத் தடுக்கும் மருந்தான விஸ்மோடெகிப் 2012-ல் அமெரிக்காவில் அந்த நோய்க்கு அனுமதி பெற்றது. மூன்று நாள் பழைய திராட்சைத் தட்டிலிருந்து பழுப்பு முட்டையை நான் பொறுக்கும்போது இந்த ஆட்டுக்குட்டிகளின் நினைவு வரும்.

இனிக் கடைசி வேலை. சாதாரணப் புழு ஐந்து, முள்ளெலி ஐந்து, பத்து ஸ்லைடு தயார் செய்து, பெயரை ஸ்லைடின் அடிப்பக்கம் எழுதுங்கள், ஓரத்தில் நகப்பூச்சு தடவி மூடுங்கள். தோழி ஒருத்தியிடம் கொடுத்து வரிசையைக் கலைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து முதலில் படம் வரையுங்கள், பிறகு எதுவென்று எழுதுங்கள், அதன் பிறகே திருப்பிப் பாருங்கள். பத்தும் சரியாக வந்த அன்று பேட்ச்ட் என்ற மரபணு கெட்ட ஈயை வரவழைக்கக் கடிதம் எழுதலாம். அதன் புழுவில் பட்டைகள் எப்படி இருக்கும் என்று நான் சொல்லப் போவதில்லை. இப்போது உங்களுக்கே படிக்கத் தெரியும்.